உதவி டி செல்லை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயும் நோய் எதிர்ப்பாற்றலும் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். புற்றுச் செல்லைத் தேடிப்போய்க் கொல்லும் ‘கொல்லி டி செல்’ பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. அந்தக் கொல்லிக்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. போதாததற்குக் கடைசியில் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ பொருள்களின் பட்டியல் வேறு. விட்டுப்போன பாதியைத் தெரிந்துகொண்டவர்கள் அந்தப் பட்டியலை நம்ப மாட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நீலகிரியில் இருக்கிறவர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியவையும் சில உண்டு.

ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. அங்கிருந்து வெளியே வரும்போது பெரும்பாலானவை இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். மேற்பரப்பில் சிடி8 என்ற புரதம் இருந்தால் கொல்லி, சிடி4 இருந்தால் உதவி செல். இரண்டும் பார்க்கும் பொருள் ஒன்றல்ல. உடம்பில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதத்தை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. கொல்லி பார்ப்பது அதைத்தான். உதவி செல் பார்ப்பது சற்று நீளமான துண்டுகளை, பெரும்பாலும் 13 முதல் 25 வரை. அந்த நீளத் துண்டுகளைக் காட்டும் வேலை எல்லாச் செல்லுக்கும் கிடையாது. திசுக்களில் காவல் காக்கும் டென்ட்ரிடிக் செல், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ், ஆன்டிபாடிக்கு மூலமான பி செல் ஆகியவைதான் வழக்கமாக அதைச் செய்கின்றன. ஆகவே பெரும்பாலான கட்டிகளில் உதவி செல் புற்றுச் செல்லை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. செத்த புற்றுச் செல்லின் சிதறல்களை விழுங்கிய டென்ட்ரிடிக் செல்லைத்தான் பார்க்கிறது. எங்கே பார்க்கிறது? கட்டிக்கு அருகிலுள்ள நிணநீர் முடிச்சில். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறோமே, அந்த முடிச்சுகளில்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமி நுழைந்தால் திசுவில் வீக்கமும் அபாய அறிகுறிகளும் உண்டாகும். டென்ட்ரிடிக் செல் அவற்றை உணர்ந்து விழித்துக்கொள்ளும். புற்றுக்கட்டியோ நம் சொந்தத் திசு. பல மாதங்கள் சத்தமில்லாமல் வளரும். அங்கிருந்து வரும் டென்ட்ரிடிக் செல் பாதித் தூக்கத்தில் வருகிறது. அந்த நிலையில் அது கொல்லி செல்லுக்குத் துண்டைக் காட்டினால், கொல்லி ‘இதை விட்டுவிட வேண்டும்’ என்றே பழகிக்கொள்ளும். அதே டென்ட்ரிடிக் செல்லை ஒரு உதவி செல் அடையாளம் கண்டுகொண்டால் கதை மாறுகிறது. உதவி செல் தன் மேற்பரப்பில் சிடி40 லிகண்ட் என்ற புரதத்தை நீட்டி, டென்ட்ரிடிக் செல்லின் சிடி40ஐத் தொடுகிறது. உடனே டென்ட்ரிடிக் செல் பி7 என்ற துணைப் புரதங்களை மேலே ஏற்றி, இன்டர்லூகின்-12 என்ற தூண்டு புரதத்தைச் சுரக்கிறது. அதற்குப் பிறகு அதைச் சந்திக்கும் கொல்லிதான் உண்மையிலேயே கொல்லத் தெரிந்த கொல்லி. 1998 ஜூன் மாத ‘நேச்சர்’ இதழில் மூன்று தனித்தனிக் குழுக்கள் இதை அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிட்டன. அதற்குப் பிறகும் நம் பத்திரிகைகளில் கொல்லி செல் மட்டும் வீரனாக உலவுவது ஏன் என்று தெரியவில்லை. படம் போட எளிது என்பதாலோ என்னவோ.

உதவி கிடைக்காத கொல்லிகள் முதல் முறை பெருகத்தான் செய்யும். ஆனால் அதே எதிரியை மறுபடி பார்க்கும்போது பெருகாமல் மடிந்துபோகும். நினைவு செல்களாக நிற்காது. கட்டிக்குள்ளேயும் உதவி செல்லுக்கு வேலை இருக்கிறது. அது சுரக்கும் இன்டர்பெரான்-காமா என்ற புரதம் பட்டதும் புற்றுச் செல்கள் தங்கள் துண்டுகளை அதிகமாக வெளியே காட்ட வேண்டியதாகிறது. ஒளிந்திருந்தது தெரியவருகிறது. மேக்ரோபேஜ்களும் தாக்கும் நிலைக்கு மாறுகின்றன.

மனிதர்களிடம் இதற்குச் சான்று இருக்கிறதா என்று வாசகர் கேட்கலாம். 2008ல் அமெரிக்காவின் சியாட்டிலில், உடலின் பிற பாகங்களுக்குப் பரவிய மெலனோமா என்ற தோல் புற்று நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து என்.ஒய்-ஈஎஸ்ஓ-1 என்ற புற்றுப் புரதத்தை அறியும் சிடி4 செல்லைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் ஏறத்தாழ 500 கோடியாகப் பெருக்கி அவருக்கே ஏற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் கட்டி தென்படவில்லை. 2014ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில், பித்தநாளப் புற்று கொண்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய கட்டியின் ஒரே ஒரு மரபணு மாற்றத்தை அறியும் சிடி4 செல்களைச் செலுத்தியதும் கட்டிகள் சுருங்கின. இவை ஒற்றை நோயாளிக் கதைகள். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2017ல் மெலனோமா நோயாளிகளுக்கு அவரவர் கட்டிக்கென்றே தயாரித்த தடுப்பூசியில் சேர்த்த 97 துண்டுகளில் 58ஐ சிடி4 செல்களும் 15ஐ மட்டுமே சிடி8 செல்களும் அடையாளம் கண்டன. கொல்லிகளைத் தூண்டத் திட்டமிட்ட ஊசி, பெரும்பாலும் உதவி செல்களைத்தான் எழுப்பியது. 2010ல் நோயாளியின் டி செல்லையே மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி சிகிச்சை பெற்ற இரு ரத்தப் புற்று நோயாளிகளின் உடலில் பத்தாண்டுக்குப் பிறகும் தங்கியிருந்தவையும் பெரும்பாலும் சிடி4 வகைதான்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். சிடி4 செல்கள் எல்லாமே நமக்கு நல்லது செய்பவை அல்ல. இன்டர்பெரான்-காமா சுரப்பவை ஒரு வகை. இன்டர்லூகின்-4 சுரக்கும் இன்னொரு வகை கட்டிக்குள் இருந்தால் மேக்ரோபேஜ்களைக் கட்டிக்குச் சாதகமான பக்கம் திருப்பிவிடக்கூடும். மூன்றாவது வகை ஒழுங்குபடுத்தும் டி செல். தன் உடம்பைத் தானே தாக்காமல் தடுப்பது இதன் வேலை. 1995ல் இதை இனங்கண்ட ஷிமோன் சாகாகுச்சியும், இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்த மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரும் 2025ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பல கட்டிகள் இந்த மூன்றாவது வகையைத்தான் தங்களைச் சுற்றிக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. அப்படியிருக்க, ‘டி செல்லைக் கூட்டுகிறோம்’ என்று சொல்லும் பொடி எதைக் கூட்டுகிறது? விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

உதவி செல் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். காசநோய்க்கு முன்கையில் போடும் மாண்டூ டெஸ்ட் அதுவேதான். 0.1 மில்லி டியூபர்குலினை (காசநோய்க் கிருமியின் புரதச் சாறு) தோலுக்குள் ஏற்றி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமியை முன்பே அறிந்த சிடி4 செல்கள் அங்கே கூடி மேக்ரோபேஜ்களை அழைப்பதால் தடிப்பு உண்டாகிறது. அளக்க வேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல. பலர் இதில்தான் தவறுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கும், எச்.ஐ.வி. முற்றியவருக்கும், சத்துக்குறைவால் மெலிந்தவருக்கும் கிருமி உள்ளே இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். உதவி செல் குறைந்தாலோ அடங்கினாலோ என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

இப்போது நம் ஊர் விஷயம். புற்றுநோயைத் தடுப்பதில் உதவி செல்லை மிகத் திறமையாகப் பயன்படுத்தும் மருந்து கருப்பை வாய்ப் புற்றுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி. இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் வெளிக்கூட்டுப் புரதத்தை மட்டும் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டவைத்துத் தயாரிக்கிறார்கள். தசையில் போட்டதும் அந்தத் துகள்கள் அங்கே லேசான அழற்சியை உண்டாக்குகின்றன. டென்ட்ரிடிக் செல்கள் விழுங்கி நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே ஒரு வகை உதவி செல் பி செல்களோடு வாரக்கணக்கில் சேர்ந்திருந்து, மேலும் மேலும் நன்றாக ஒட்டக்கூடிய ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் இப்படித்தான் உருவாகின்றன. 2009ல் இந்தியாவில் தொடங்கிய ஆய்வில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் ஒரு மையம். அதில் ஒரே ஒரு டோஸ் பெற்ற பெண்களுக்கும் பத்தாண்டு கழித்து எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து 95 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு இருந்தது. கருப்பை வாய்ப் புற்றில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரு வகைகளே காரணம்.

இந்த அலுமினியத் துகள் வெப்பத்தைக்கூடக் கொஞ்சம் தாங்கும், உறைவதைத் தாங்காது. ஒருமுறை உறைந்து உருகினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, ஒட்டியிருந்த புரதம் கெட்டு, உதவி செல்லை எழுப்பும் திறன் குறைந்துவிடும். டிபிடி, பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி ஊசிகளுக்கும் இதே விதி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சமவெளியில் எல்லாரும் பயப்படுவது வெப்பத்துக்கு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும்போது நாம் பயப்பட வேண்டியது குளிருக்கு. குப்பியின் மேல் உள்ள வி.வி.எம். என்ற அடையாளச் சதுரம் வெப்பம் பட்டால்தான் நிறம் மாறும். உறைந்ததை அது காட்டவே காட்டாது. ‘சதுரம் வெள்ளையாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிக் கெட்ட ஊசியைப் போட இடமுண்டு.

உறைவதற்கு வானிலையைவிடப் பெரிய காரணம் ஐஸ்பேக்தான். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நேராகத் தடுப்பூசி எடுத்துச் செல்லும் கேரியரில் அடுக்கினால் ஓரத்தில் இருக்கும் குப்பி உறைந்துவிடும். வெளியே எடுத்து வைத்து, மேற்பரப்பு வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இதற்கு ஆகும் நேரம் ஊட்டியின் விடியற்காலையில் போதாது. கடிகாரத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்க வேண்டும். மேல்பக்கம் திறக்கும் ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியில் அடிப்பகுதிதான் அதிகக் குளிர். இந்த ஊசிகளை அடியில் வைக்காமல் கூடையில் வைக்க வேண்டும். சில தனியார் கிளினிக்குகளில் வீட்டு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசர் தட்டுக்கு ஒட்டினாற்போல் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதை இன்றே நிறுத்தலாம்.

சந்தேகம் வந்தால் ஆட்டிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்கக் கல்லாக உறையவைத்து, மறுநாள் உருக விடுங்கள். அதன்மேல் ‘உறைந்தது’ என்று எழுதிவிடுங்கள். தவறிப்போய் யாருக்கும் போட்டுவிடக் கூடாது. அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்து 10, 15 விநாடி ஆட்டி, மேசையில் வைத்து அரை மணி நேரம் வரை கவனியுங்கள். உறைந்த குப்பியில் வண்டல் சீக்கிரம் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. மெதுவாகப் படிந்தால் போடலாம். ஒன்று மறந்துவிடக் கூடாது: இந்தத் தடுப்பூசி ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட தொற்றை நீக்காது. தொற்றிய அடிச்செல்கள் வெளிக்கூட்டுப் புரதத்தைக் காட்டுவதில்லை. இ6, இ7 என்ற வேறு புரதங்களை உண்டாக்குகின்றன. அந்த இரண்டுக்கும் எதிரான நீளத் துண்டுகளை ஊசியாகப் போட்டு, வெளிப் பிறப்புறுப்பில் புற்றுக்கு முந்தைய புண் இருந்த பெண்களிடம் நெதர்லாந்தில் சோதித்தார்கள். முடிவு 2009ல் வந்தது: ஓராண்டில் 19 பேரில் 9 பேருக்குப் புண் முழுதாக மறைந்தது. முழுதாகக் குணமானவர்களிடம் சிடி4 செல்களின் பதில் வலுவாக இருந்தது. அது இன்னும் கடைக்கு வரவில்லை. அதனால் ஊசி போட்ட பெண்ணும் வயது வந்தபின் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். வினிகர் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையே திண்டுக்கல் மாவட்டத்தில் இறப்பை 35 சதவீதம் குறைத்ததாக 2007ல் ‘லான்செட்’ இதழில் பதிவாகியிருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைரஸ் அழிப்பது சிடி4 செல்லை. கொல்லி செல்கள் எண்ணிக்கையில் அப்படியே இருக்கும், ஆனால் உத்தரவு வராது. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் எடுப்பதும் ஒரு வகையில் புற்றுத் தடுப்புதான்.

அடுத்தது, கோவையில் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்றுச் சிகிச்சை) ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பும் நோயாளிகள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் டி செல்லின் மேல் உள்ள பிடி-1 என்ற தடையை எடுத்துவிடுகின்றன. டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தது. குறைந்த அளவுப் புற்று மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தவர்கள் 16 சதவீதம்; இதையும் சேர்த்தவர்களில் 43 சதவீதம். 2023ல் வந்த முடிவு இது. குறைந்த செலவில் கிடைப்பதால் இனி நம் ஊர்களிலும் இந்த மருந்து எடுப்போர் கூடுவார்கள். தடை நீங்கிய டி செல்கள் சில சமயம் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றையும் தாக்கும். ஊசி ஏற்றிய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் வரும். கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். அப்போது நோயாளி இருப்பது கோவையில் அல்ல, பந்தலூரிலோ மஞ்சூரிலோ.

வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறை அதிகமாகப் பேதி போனால் அதை ‘ஏதோ சாப்பிட்டது சேரவில்லை’ என்று பேதியை நிறுத்தும் லோபரமைடு கொடுத்து அடக்கக் கூடாது. அது குடல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து உரிய அளவு ஸ்டீராய்டு, அதுவும் அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் பேசிவிட்டு. ஏழு முறையோ அதற்கு மேலோ என்றால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நலமாக இருப்பவருக்கே ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சில புள்ளி குறைவாகக் காட்டும். ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் வீட்டில் உட்கார்ந்த நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று நான்கைந்து நாள் குறித்து வையுங்கள். பிறகு அதைவிட மூன்று புள்ளி குறைந்தால் போன் செய்ய வேண்டிய நேரம். காரணமில்லாத களைப்பு, நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் குறைவது சேர்ந்து வந்தால் பிட்யூட்டரியும் அட்ரீனலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து. என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏற்றியது, யாரை அழைப்பது என்று ஒரு சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டால், உள்ளூர் மருத்துவர் அந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தினால் அழற்சி திரும்பும். நாளுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அளவில் ஒரு மாதத்துக்கு மேல் நீளும் என்றால் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மாத்திரையும் சேர்ப்பார்கள். எச்.ஐ.வி.யில் உதவி செல் குறைந்தவர்களுக்கு வருவதும் இதே தொற்றுதான். மாறாக, மூட்டு வலிக்கென்று சிறு கிளினிக்குகளில் பெயர் சொல்லாமல் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். இம்யூனோதெரபி தொடங்கும்போதே நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் முற்றியவர்களே அதிகம் ஸ்டீராய்டு எடுக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையை நீட்ட வேண்டாம்.

பொடிகளும் கஷாயங்களும் இங்கேதான் உண்மையான தொல்லை தருகின்றன. சிகிச்சையின் நடுவில் கல்லீரல் நொதிகள் உயர்ந்தால், காரணம் மருந்தா பொடியா என்று பிரித்தறிய முடிவதில்லை. பலனளிக்கும் மருந்தை வீணாக நிறுத்த நேர்கிறது. எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

கடைசியாக, தங்கள் கட்டுரையின் பெட்டிச் செய்தியில் சிடி4 எண்ணிக்கை ‘200 இருந்தால் இயல்பு’ என்று அச்சாகியிருக்கிறது. நலமான பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் அது எய்ட்ஸ் நிலை. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கும் ஒருவர் அந்தப் பெட்டியை வெட்டி வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நோய் எதிர்ப்பியல் ஆசிரியர்களும் தடுப்பூசிப் பணியாளர்களும் (ஓய்வு),
குன்னூர், நீலகிரி மாவட்டம்